ரைன்ஹோல்ட் மெஸ்னருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்தில் ஆர்வம் உள்ளவர்கள் நாலு பேர் கூடினால் மெஸ்னர் பெயர் எப்படியும் வந்துவிடும். வந்தவுடன் கேள்விகளும் வரும். "அவர் ரெக்கார்டைத்தான் கின்னஸ் எடுத்துட்டாங்களே", "தம்பியை விட்டுட்டு வந்தவர்தானே", "ஒலிம்பிக் கௌரவத்தை வேண்டாம்னு சொன்னவருக்கு எதுக்கு இன்னொரு விருது?" திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைக் கேட்டதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

மெஸ்னர்னா யாரு? எவரெஸ்ட்ல முதல்ல ஏறினவரா?

இல்லை. எவரெஸ்டில் முதலில் ஏறியவர்கள் 1953-ல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும். மெஸ்னர் அடுத்த தலைமுறை. 1944 செப்டம்பர் 17-ல், இத்தாலியின் வட எல்லையில் ஜெர்மன் பேசும் தென் டைரோல் பகுதியில் பிறந்து, வில்னோஸ் என்ற பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். ஒன்பது பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டு வாசலில் நின்றால் டோலமைட் மலைகளின் பாறைக் கோபுரங்கள் தெரியும். ஐந்து வயதிலேயே அப்பாவோடு மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயரமான ஒரு சிகரத்தில் ஏறிவிட்டார்.

உலகத்தில் 8,000 மீட்டருக்கு மேல் உயரமான சிகரங்கள் பதினான்கு. பதினான்கிலும் ஏறிய முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். 1970-ல் நங்க பர்பத்தில் தொடங்கி, 1986 அக்டோபர் 16-ல் லோட்சேயில் முடித்தார். ஒன்றில்கூட ஆக்சிஜன் சிலிண்டர் பயன்படுத்தவில்லை. அதற்கப்புறம் அன்டார்க்டிகாவைக் கால்நடையாகவும் பனிச்சறுக்குக் கட்டைகளிலும் கடந்தார், கோபி பாலைவனத்தில் நடந்தார், 1999 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், மலைகளைப் பற்றி அருங்காட்சியகங்கள் கட்டினார்.

"வாழ்நாள் சாதனை விருது"ன்னு சொல்றீங்களே, அது என்ன? யார் குடுக்குறாங்க?

மெஸ்னருக்கு விருதுகள் பல. இங்கே நான் முக்கியமாகச் சொல்வது பிரான்சில் தொடங்கிய 'பியோலே தோர்', அதாவது தங்கப் பனிக்கோடரி. 1992-ல் ஒரு பிரெஞ்சு மலையேற்றப் பத்திரிகையும் அங்குள்ள மலையேறிகள் சங்கம் ஒன்றும் சேர்ந்து இதை ஆரம்பித்தன. அந்த வருடத்தின் சிறந்த ஏற்றம் எது என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வழக்கம்.

இந்த விருதுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. மலையேறுவதில் யார் முதல், யார் இரண்டாவது என்று எப்படிச் சொல்வது? 2007-ல் பரிசு பெற்ற ஸ்லோவேனியாவின் மார்கோ பிரெசெல்யே இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பினார். 2008-ல் விருது நடக்கவில்லை. 2009-ல் புதிய சாசனத்தோடு திரும்பி வந்தது: எவ்வளவு உயரம் என்பதைவிட எப்படி ஏறினார்கள், மலையை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது முக்கியம். வாழ்நாள் விருதும் அந்த ஆண்டுதான் வந்தது. முதலில் பெற்றவர் இத்தாலியின் வால்டர் பொனாட்டி. அடுத்த ஆண்டு, 2010-ல், மெஸ்னர். பொனாட்டி 2011-ல் காலமான பிறகு அந்த வாழ்நாள் விருதுக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

உயரமா ஏறினதுக்குத்தானே விருது? இதுல "மலைப் பண்பாடு" எங்கேர்ந்து வருது?

உயரமாக ஏறியதற்கு மட்டும் என்றால் வாழ்நாள் விருது தேவையே இல்லை. ஏறிய வருடமே கொடுத்து முடித்திருக்கலாம். நாற்பது, ஐம்பது வருடம் கழித்து ஒருவரைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைக்கிறார்கள் என்றால், அவர் இறங்கி வந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

மலைப் பண்பாடு என்று நான் சொல்வதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மலையேறுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற ஒழுங்கு: எந்தக் கருவி சரி, எது சரியில்லை, எங்கே நிறுத்த வேண்டும். இன்னொன்று, மலையில் காலங்காலமாக வாழும் மக்களின் வாழ்க்கை: அவர்களுடைய மாடு, வீடு, தெய்வம், பாதை. மெஸ்னர் இரண்டிலும் உழைத்திருக்கிறார். அவர் எந்தெந்தச் சிகரத்தில் ஏறினார் என்ற பட்டியலைவிட, எதையெதை வேண்டாம் என்று ஒதுக்கினார் என்ற பட்டியல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆக்சிஜன் வேண்டாம், போல்ட் வேண்டாம், பதக்கம் வேண்டாம், ஒரு மலையில் காலே வைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் கீழே பார்க்கலாம்.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம ஏறுறது அவ்வளவு பெரிய விஷயமா?

எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். 1924-லேயே எட்வர்ட் நார்ட்டன் சிலிண்டர் இல்லாமல் 8,500 மீட்டரைத் தாண்டினார். ஆனால் மிச்சம் இருந்த அந்த முந்நூறு மீட்டரைத் தாண்டுவது மனித உடம்பால் முடியாது, முடிந்தாலும் மூளை பாதிக்கப்படும் என்று 1978 வரை மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

1978 மே 8-ல் மெஸ்னரும் ஆஸ்திரியாவின் பீட்டர் ஹாபெலரும் அதைச் செய்து காட்டினார்கள். அதற்கு முந்தைய முயற்சியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. டின்னில் அடைத்த சார்டின் மீன் சாப்பிட்டு ஹாபெலருக்கு வயிறு கெட்டுவிட்டது, அவர் கீழே இறங்கிவிட்டார். மெஸ்னர் இரண்டு ஷெர்பாக்களோடு கிட்டத்தட்ட 8,000 மீட்டரில் உள்ள தென் கணவாய்க்குப் போனார். அங்கே புயல் பிடித்துக்கொண்டது. கூடாரம் கிழிய, இரண்டு நாள் மூன்று பேரும் அங்கேயே கிடந்துவிட்டுத் தப்பி இறங்கினார்கள். அப்படி ஒரு அடி வாங்கிய பிறகு சில நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஏறியதுதான் அந்த மே 8. உச்சியில் படம் எடுப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியதால், அன்றிரவு பனிக்குருடு வந்து கண் எரிச்சலில் துடித்தார்.

சிலிண்டர் பிடித்து ஏறுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்று எவரெஸ்ட் போகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். மெஸ்னர் கேட்டது வேறு: சிலிண்டரால் மலையின் உயரத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஏறினால், நான் ஏறியது எந்த மலை?

தனியா எவரெஸ்ட் ஏறினார்ங்கிறாங்களே, நிஜமாவே ஒருத்தர்கூட இல்லையா?

மலைமேல் ஒருவரும் இல்லை. 1980 ஆகஸ்டில், திபெத் பக்கத்திலிருந்து, மழைக்கால நடுவில். அந்த நேரத்தில் முழு மலையிலும் வேறு ஒரு குழுவும் கிடையாது. கீழே முகாமில் தோழி ஒருவர் காத்திருந்தார், அவ்வளவுதான். ரேடியோ இல்லை, முன்கூட்டியே கட்டிவைத்த கயிறு இல்லை, சிலிண்டர் இல்லை. முதுகில் ஒரு சின்னக் கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, சாப்பாடு.

புறப்பட்ட இரவே, வட கணவாய்க்குக் கீழே, பனிப்பாலம் உடைந்து ஒரு பிளவுக்குள் விழுந்தார். எட்டு மீட்டர் ஆழம் இருக்கும். தலைவிளக்கு அணைந்துவிட்டது. காலுக்கடியில் இருந்தது ஒரு சிறிய பனித் திண்டு, அதுவும் உடைந்தால் கதை முடிந்தது. இங்கிருந்து வெளியே வந்தால் நேரே கீழே இறங்கிவிடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிளவின் சுவரில் சரிவாக ஒரு விளிம்பு தட்டுப்பட்டது, அதைப் பிடித்து மேலே வந்தார். வந்ததும், தனக்குத்தானே சொன்ன வார்த்தையை மறந்துவிட்டு மேலே நடக்க ஆரம்பித்தார். ஆகஸ்ட் 20-ல் உச்சியில் நின்றார். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. சீனர்கள் 1975-ல் நட்டுவைத்த அலுமினிய முக்காலி மட்டும் பனியில் பாதி புதைந்து நின்றது.

ஷெர்பாக்கள் சுமந்து குடுத்ததாலதானே இவங்க எல்லாம் ஏறினாங்க? அவங்களுக்கு ஏன் விருது இல்ல?

நியாயமான கேள்வி. 1978 ஏற்றத்தில் மெஸ்னரும் ஹாபெலரும் ஒரு பெரிய ஆஸ்திரியக் குழுவோடுதான் போனார்கள். பனி அருவியில் வழி போட்டதிலும் முகாம்களுக்குச் சுமை கொண்டுபோனதிலும் ஷெர்பாக்களின் உழைப்பு இருக்கிறது. 1980-ஐப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் 1975-ல் ஹாபெலரோடு கஷெர்பிரும் 1-ல் ஏறியபோதும் மேலே சுமப்பவர்கள் இல்லை. தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு, ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. அல்பைன் ஸ்டைல் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் கௌரவம் என்று வரும்போது மேற்கு நாடுகள் மலை மக்களை ஒரு படி கீழே வைத்த வரலாறு உண்மை. 1953-ல் ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஹண்டுக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்குக் கிடைத்தது ஜார்ஜ் பதக்கம். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஒரே உச்சியில் நின்ற இருவர். இந்தக் கணக்கு இன்னும் முழுசாக நேராகவில்லை. வாழ்நாள் பனிக்கோடரி வாங்கியவர்களின் வரிசையைப் பார்த்தாலும் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும்தான் நிறைந்திருக்கிறார்கள். 2021-ல் ஜப்பானின் யாசுஷி யமனோய் பெற்றார், ஆசியாவிலிருந்து அவர்தான் முதல்.

போல்ட் அடிக்கறதுல என்ன தப்பு? பாதுகாப்புக்குத்தானே?

பாறையில் துளை போட்டு இரும்பை அடித்துவிட்டால், எந்த வழுக்குப் பாறையிலும் ஏணி வைத்த மாதிரி ஏறிவிடலாம். அறுபதுகளில் ஐரோப்பாவில் அதுதான் மோகம். உச்சியிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் துளை போட்டுக்கொண்டே போவார்கள். இளைஞராக இருந்த மெஸ்னர் அதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். இப்படிச் செய்தால் 'முடியாதது' என்ற ஒன்றே மலையில் மிஞ்சாது, அதைக் கொலை செய்துவிடுவீர்கள் என்பது அதன் சாரம். என்னால் இன்று முடியாத பாறையை நாளை வருகிறவனுக்கு விட்டுவைக்க வேண்டும் என்றார்.

உள்ளூர்ப் பயிற்சிப் பாறைகளில், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காகப் போடும் போல்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே பாதுகாப்புதான் முக்கியம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒலிம்பிக் பதக்கத்தையே வேண்டாம்னுட்டாராமே? அப்புறம் 2010-ல மட்டும் எப்படி விருது வாங்கினார்?

ஆமாம், 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கின்போது அவருக்கும் போலந்தின் யெர்சி குகுச்காவுக்கும் ஒலிம்பிக் குழு வெள்ளிக் கௌரவம் அறிவித்தது. மெஸ்னருக்கு அடுத்து, 1987-ல், பதினான்கு சிகரங்களையும் முடித்தவர் குகுச்கா. அவர் ஏற்றுக்கொண்டார், மெஸ்னர் மறுத்தார். மலையேற்றம் போட்டி கிடையாது, அதில் தங்கம் வெள்ளி என்று பிரிக்க ஒன்றுமில்லை என்பது அவர் சொன்ன காரணம். குகுச்கா வாங்கியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கிடைத்ததை வைத்துக் கருவி தைத்து, புகைபோக்கிக்குப் பெயின்ட் அடித்துப் பணம் சேர்த்து இமயத்துக்குப் போனவர் அவர்.

2010-ல் ஏற்றுக்கொண்டது முரணா? அப்படித் தெரியவில்லை. இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி, அதற்குள் அந்த விருதே மாறியிருந்தது. வாழ்நாள் விருதில் தோற்கிறவர் யாரும் இல்லை. 2018-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசி விளையாட்டு விருதையும் ஏற்றுக்கொண்டார், போலந்தின் கிறிஸ்டோஃப் வியலிட்ஸ்கியோடு சேர்ந்து.

அருங்காட்சியகம் கட்டினார்னு சொன்னீங்களே, அதுல என்ன இருக்கு? அவர் போட்ட பழைய ஷூவா?

ஷூவும் இருக்கிறது, ஆனால் மையம் அது இல்லை. மொத்தம் ஆறு இடங்கள், எல்லாம் தென் டைரோலிலும் அதைச் சுற்றியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். யுவால் கோட்டையில் புனித மலைகள். சுல்டன் கிராமத்தில் தரைக்கடியில் பனியும் பனிப்பாறையும். முதல் உலகப் போர்க் கோட்டை இருந்த மோன்டே ரீட்டே உச்சியில் பாறை. போல்சானோ நகருக்கு வெளியே பழைய சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில், 2006-ல் திறந்த ஃபிர்மியான். மனிதனுக்கும் மலைக்கும் உள்ள உறவு முழுக்க அதில் வருகிறது. கடைசியாக 2015-ல் கிரோன்பிளாட்ஸ் உச்சியில் கொரோனெஸ், மலையேற்ற வரலாறு.

எனக்குப் பிடித்தது ஆறாவது: 2011-ல் புரூனெக் கோட்டையில் திறந்த ரீபா. அது மலையேறிகளைப் பற்றியதே இல்லை, மலை மக்களைப் பற்றியது. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல கண்டங்களின் மலைவாசிகள் எதில் தூங்குகிறார்கள், எதை வைத்து உழுகிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள் என்று அவர்களுடைய பொருள்களை வைத்தே சொல்கிறது. ஒரு மலையேறி தன் பெயரில் கட்டிய இடத்தில் தன்னை ஒதுக்கிவிட்டு, தனக்கு வழி காட்டிய, பால் கொடுத்த, சுமை தூக்கிய மக்களுக்கு ஒரு கோட்டையைக் கொடுத்திருக்கிறார். மலைச்சரிவில் விவசாயமும் மாடும் போய்விட்டால் அங்கே பண்பாடு என்று ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் பல வருடங்களாகச் சொல்லி வருவது. அவரும் பண்ணை வைத்திருக்கிறார். சுல்டனில் அவர் வளர்க்கும் யாக் மாடுகளை ஒவ்வொரு கோடையிலும் மேய்ச்சலுக்கு மேலே ஓட்டிக்கொண்டு போவார்.

மலையைத் தொடாதேன்னு சொல்றவர் மலை உச்சியைக் குடைஞ்சு கான்கிரீட் கட்டலாமா?

கொரோனெஸைத்தான் கேட்கிறீர்கள். 2,275 மீட்டர் உயரத்தில், கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்தது. பெரும்பகுதி மலைக்குள் இருக்கிறது, வெளியே எட்டிப் பார்க்கும் கண்ணாடி ஜன்னல்கள் சில மட்டும் தெரியும்.

அந்த மலை அதற்கு முன்பே பெரிய பனிச்சறுக்கு மையம். கேபிள் கார்கள் எல்லாத் திசையிலிருந்தும் உச்சிக்கு வந்துகொண்டிருந்தன. யாரும் போகாத சிகரத்தை அவர் குடையவில்லை, ஏற்கெனவே கூட்டம் வரும் இடத்தில் கட்டினார். அது ஒரு பதில். ஆனாலும் உறுத்தல் முழுசாகப் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். மலைகளை அவற்றின் இயல்பிலேயே விட்டுவைக்க வேண்டும் என்று 1987-ல் தொடங்கிய 'மவுன்டன் வைல்டர்னெஸ்' இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் அவரும் ஒருவர். அந்த இயக்கத்தின் அளவுகோலை எடுத்து அவருடைய கட்டடத்தையே அளப்பதில் தவறொன்றும் இல்லை. ஒருவரை மதிப்பதற்கு அவர் செய்த எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

கயிலாய மலையில ஏற மறுத்தார்னு ஒரு மெசேஜ் சுத்துதே, அது உண்மையா?

உண்மை. வாட்ஸ்அப்பில் வருவதில் இது ஒன்று தப்பாமல் சரியாக இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் சீன அரசு கயிலாயத்தில் ஏற அவருக்கு வாய்ப்புக் கொடுத்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். 2001-ல் ஒரு ஸ்பானியக் குழுவுக்கு அனுமதி கிடைத்ததாகச் செய்தி வந்தபோது உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதும் அவர் பேசினார்: இந்த மலையை வென்றால் மக்களின் ஆன்மாவில் எதையோ வென்றதாக ஆகும், கயிலாயம் அவ்வளவு உயரமும் இல்லை, அவ்வளவு கடினமும் இல்லை, வேறு ஏதாவது கடினமான மலைக்குப் போங்கள் என்று.

கயிலாயம் சுமார் 6,600 மீட்டர். எட்டாயிரங்களில் நடந்தவருக்கு அது எட்டாத உயரம் இல்லை. முதன்முதலில் ஏறியவர் என்ற பெயர் வரலாற்றில் நிரந்தரமாக நின்றிருக்கும். கால் படக்கூடாது என்று தலையால் நடந்து கயிலை ஏறிய காரைக்காலம்மையார் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முடிவின் அருமை தனியாக விளக்காமலே புரியும். அவர் சிவபக்தர் இல்லை, பௌத்தரும் இல்லை. அடுத்தவர்கள் கும்பிடும் இடம் என்பதே அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. மலைப் பண்பாட்டுக்கு அவர் செய்தவற்றில் எனக்கு இதுதான் முதலிடம்.

தம்பியை மலையில விட்டுட்டு வந்தவர்தானே? அவரைப் போய்க் கொண்டாடலாமா?

1970-ல் நங்க பர்பத்தின் ரூபால் முகம் வழியாக, நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரமுள்ள சுவர் அது, மெஸ்னரும் தம்பி குந்தரும் ஜூன் 27-ல் உச்சியை அடைந்தார்கள். குந்தர் மிகவும் தளர்ந்துவிட்டார். வந்த வழியில் கயிறில்லாமல் அவரை இறக்க முடியாது என்று, மலையின் மறுபக்கமான டயமிர் பக்கம் இறங்கினார்கள். கீழ்ப்பகுதியில், மெஸ்னர் வழி பார்க்க முன்னால் போயிருந்தபோது, குந்தர் காணாமல் போனார். பனிச்சரிவு அடித்துச் சென்றிருக்க வேண்டும் என்றார் மெஸ்னர். தேடிக் கிடைக்காமல், உறைந்த கால்களோடு ஊர்ந்து பள்ளத்தாக்கு மக்களிடம் வந்து சேர்ந்தார். ஏழு கால்விரல்களை வெட்ட வேண்டியிருந்தது.

முப்பது வருடம் கழித்து, அதே குழுவில் இருந்த சிலர், தம்பியை உச்சிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் புகழுக்காக மறுபக்கம் இறங்கினார் என்று எழுதினார்கள். 2005-ல் டயமிர் பக்கத்துப் பனிப்பாறையில் எலும்புகளும் ஒரு தோல் பூட்ஸும் வெளியே வந்தன. மரபணுச் சோதனையில் அது குந்தர்தான் என்று உறுதியானது. 2022-ல் இன்னொரு பூட்ஸும் கிடைத்தது. குந்தர் டயமிர் பக்கம் வெகுதூரம் இறங்கியிருக்கிறார் என்பதை மலையே சொல்லிவிட்டது. உச்சியருகே விட்டுவிட்டார் என்ற குற்றச்சாட்டு அதோடு அடிபட்டுப் போனது.

களைத்த தம்பியை உச்சிவரை வரவிட்டிருக்கலாமா என்ற கேள்விக்கு எந்த எலும்பும் பதில் சொல்லாது. அந்தப் பள்ளத்தாக்குக்கு அவர் பல முறை திரும்பிப் போனார். அவருடைய அறக்கட்டளை அங்குள்ள மக்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட உதவியது. உயிரோடு தூக்கி வந்து சேர்த்தவர்கள் அந்த மக்கள்.

கின்னஸ் அவர் ரெக்கார்டைப் பறிச்சுட்டாங்களே, அப்போ எல்லாம் பொய்யா?

இல்லை. எபர்ஹார்ட் யுர்கால்ஸ்கி என்ற ஜெர்மன் ஆய்வாளர் படங்களையும் அளவுகளையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்தார். 1985-ல் அன்னபூர்ணாவில் மெஸ்னரும் ஹான்ஸ் காமர்லாண்டரும் நின்ற இடம், உண்மையான உச்சிப் புள்ளியிலிருந்து 65 மீட்டர் தள்ளி, சுமார் ஐந்து மீட்டர் தாழ்வாக இருந்தது என்று. அதை வைத்து 2023-ல் கின்னஸ் முதலிடத்தை 2005-ல் முடித்த அமெரிக்கர் எட் வீஸ்டர்ஸுக்கு மாற்றியது. அன்னபூர்ணாவின் உச்சி கூர்மையான ஒரு முனை இல்லை, மேடும் பள்ளமுமான நீண்ட முகடு. புயலில், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, எது ஒரு முழம் உயரம் என்று கண்ணால் சொல்வது கடினம்.

வீஸ்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? எனக்கு வேண்டாம், முதலில் செய்தவர் மெஸ்னர்தான் என்று சொல்லிவிட்டார். யுர்கால்ஸ்கியின் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். உச்சி என்றால் உச்சிதான், பதிவு சரியாக இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் இருவரும் அன்று ஏறியது அதுவரை யாரும் ஏறாத வடமேற்கு முகம். அந்த ஐந்து மீட்டரால் அந்தச் சுவர் சின்னதாகிவிடாது. வாழ்நாள் விருது பட்டியலுக்காகக் கொடுக்கப்படவில்லை என்று மூன்றாவது பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

யெட்டிங்கிற பனிமனிதனைப் பார்த்தேன்னு சொன்னாராமே?

1986-ல் திபெத்தில் இருட்டும் நேரத்தில் ஒரு பெரிய உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னார். பல வருடம் தேடி அலைந்து, கடைசியில் அது ஒரு வகைக் கரடி என்ற முடிவுக்கு வந்தார். அவ்வளவுதான்.

இந்த வாழ்நாள் விருது பெண்களுக்குக் கிடைச்சிருக்கா?

2020-ல் பிரான்சின் காத்ரீன் டெஸ்டிவெல் பெற்றார். பெண்களில் அவர்தான் முதல். ஐகர் மலையின் வடமுகத்தைக் குளிர்காலத்தில் தனியாக ஏறியவர், பின்னாளில் மலைப் புத்தகங்களுக்கென்றே பதிப்பகம் நடத்துகிறவர். அதற்கு முன்னால் பதினோரு வருடமும் ஆண்கள்தான்.

நம்ம நாட்டுல இப்படிச் சொல்ற மாதிரி யாருமே இல்லையா?

ஏன் இல்லை? மும்பையின் ஹரிஷ் கபாடியாவைச் சொல்வேன். துணி வியாபாரம் செய்துகொண்டே இமயமலையின் தெரியாத பள்ளத்தாக்குகளில் வாழ்நாள் முழுக்க நடந்தவர். 1974-ல் நந்தாதேவிப் பகுதியில் பனிப்பிளவில் விழுந்து இடுப்பு மூட்டு விலகி, கூட வந்தவர்கள் பல நாள் சுமந்து வந்து காப்பாற்றினார்கள். சில வருடம் கழித்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய பெரிய வேலை ஏறியதில் மட்டும் இல்லை, பதிவு செய்ததில் இருக்கிறது. 1929 முதல் வெளிவரும் 'ஹிமாலயன் ஜர்னல்' இதழுக்குப் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். எந்தக் கணவாய் எங்கே போகிறது, எந்தச் சிகரத்தை ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள், யார் எப்போது எந்த வழியில் போனார்கள் என்று துல்லியமாகச் சேர்த்து வைத்தார். 2003-ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்குப் பேட்ரன்ஸ் பதக்கம் கொடுத்தது. 1877-ல் திபெத்தைக் காலடியால் அளந்த நைன் சிங்குக்குக் கிடைத்த அதே கௌரவம். ராணுவ அதிகாரியாக இருந்த மகனை 2000-ல் காஷ்மீரில் இழந்தார். அதற்குப் பிறகும் சியாச்சினை இரு நாடுகளும் சேர்ந்து அமைதிப் பூங்காவாக்க வேண்டும் என்று தொடர்ந்து பேசினார். இந்திய அரசு தரும் டென்சிங் நோர்கே தேசிய சாகச விருதிலும் வாழ்நாள் சாதனைக்குத் தனிப் பிரிவு உண்டு.

எங்க பக்கத்துலயும் ஒரு மூத்த மலையேறி இருக்கார். சால்வை, கேடயம் தவிர வேற எப்படி மரியாதை செய்யலாம்?

சால்வை போடுங்கள், அதில் தப்பில்லை. அதற்கு முன்னால் ஒரு மாதம் எடுத்து அவரோடு உட்காருங்கள். பழைய படங்களை வெளியே எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்னாலும் இடம், வருடம், படத்தில் இருப்பவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். இன்னும் பத்து வருடம் போனால் அதைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். அவர் நடந்த பாதைகளை வரைபடத்தில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். எந்த ஓடையில் தண்ணீர் இருந்தது, எந்த இடத்தில் திரும்பி வந்தார்கள் என்பதையும் கேளுங்கள். திரும்பி வந்த கதைகளைத்தான் யாரும் கேட்பதில்லை, பின்னால் போகிறவர்களுக்கு அவைதான் அதிகம் உதவும்.

கூடச் சுமை தூக்கியவர்கள், வழி காட்டிய ஊர்க்காரர்கள், சமைத்துப் போட்டவர்கள் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் அவர்களையும் விழாவுக்கு அழைத்து, கடைசி வரிசையில் உட்கார வைக்காமல் மேடையில் உட்கார வையுங்கள். பேசியதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கி, ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒரு பிரதி அவர் ஏறிய மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு. தேதியும் உயரமும் சந்தேகமாக இருந்தால், விழா மேடையில் படிப்பதற்கு முன்பே அவரிடம் காட்டித் திருத்தி வாங்கிவிடுங்கள்.